ஜோரோ நடை

"அசல் ஜோரோ நடை இது அக்கா," என்கிறான் குதிரை விற்க வந்த தம்தின். ஒரு பக்கக் கால்கள் இரண்டும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே ஊன்றும் நடைக்குத்தான் அந்தப் பேர். மேலே இருப்பவன் குலுங்கவே மாட்டான். கூடார வாசலில் நிற்கும் துல்மா நம்பவில்லை. புளித்த குதிரைப்பாலைக் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றி, சிந்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லி அவன் கையில் கொடுக்கிறாள். அவன் குதிரையில் ஏறி, சாய்ந்த வெயிலில் புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்துகிறான். பழுப்புப் பிடரியில் ஒரு சொட்டு இல்லை, அவன் சட்டைக் கையிலும் இல்லை. கிண்ணத்தில் மட்டும் இரண்டு விரற்கடை குறைந்திருக்கிறது. துல்மா கிண்ணத்தைப் பார்க்கிறாள், பிறகு அவன் மீசையைப் பார்க்கிறாள். நுனியில் வெள்ளையாக ஒரு துளி நடுங்குகிறது. மறுபடியும் விளிம்புவரை ஊற்றுகிறாள். தலைத்துணியை அவிழ்த்து அவனிடம் நீட்டுகிறாள். "இன்னொரு சுத்து போயிட்டு வா தம்பி. இந்தத் தடவை வாயக் கட்டிக்கிட்டு."