தறிக்குழி

“சட்டையைக் கழத்து தம்பி. அதுதான் உன்னைக் காட்டிக்குடுத்துரும்.”

மீரா பீவி கதவைத் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினாள். ஓடி வந்து வீட்டுக்குள் விழுந்தவன் சுவரைப் பிடித்தபடி எழுந்தான். நெற்றியிலிருந்து வடிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. அவள் நீட்டிய கைலியை வாங்கிக் கட்டிக்கொண்டான். கழற்றியதையெல்லாம் அவள் சுருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

“தறிக்குழிக்குள்ள இறங்கிக் குனிஞ்சு உக்காரு.”

சங்கரன்கோவிலில் காலையிலிருந்து மறியல். கரண்டு கட்டணத்தைக் கூட்டியதற்காக விவசாயிகளும், நூல் விலை ஏறியதற்காக நெசவாளிகளும் சேர்ந்து ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் தடியடி. அப்புறம் கல்வீச்சு. அதற்குமேல், இரண்டு முறை துப்பாக்கி வெடித்தது.

நெய்கிறவர் கால் தொங்கப்போடும் அந்தத் தறிக்குழி குளுகுளுவென்றிருந்தது. தலைக்கு மேலே கட்டியிருந்த பாவு நூல்களின் ஊடாக வெயில் சிவப்பும் பச்சையுமாக இறங்கி அவன் கைகளில் ஊர்ந்தது. நூலில் ஏற்றிய கஞ்சியின் வாசனை. தெருவின் கூச்சல் தேர் இழுக்கும் சத்தம்போல் எங்கேயோ தொலைவுக்குப் போய்விட்டது.

“ஊரு எது?” மேலேயிருந்து அவள் குரல் கேட்டது.

“சிவகிரிப் பக்கம், அக்கா. பேரு சங்கரபாண்டி.”

“சம்சாரி வீடா?”

“ஆமா. அய்யாவுக்கு மூணு ஏக்கர் பருத்தி. கிணத்துல மோட்டாரு. அவரும் இன்னைக்குச் சிவகிரி மறியல்லதான் உக்காந்திருப்பாரு.”

அவள் குனிந்து, ஈரத்துணியை அவன் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரவுகளும் காலையில போனவுகதான். வெள்ளைச் சட்டை. நீ பாத்தியா தம்பி?”

“எல்லாருமே வெள்ளைச் சட்டைதான், அக்கா.”

“ஆளு பாத்துத்தான் அடிச்சாங்களா?”

“இல்ல. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சது.”

அவனுக்குக் கண் சொருகியது. அய்யாவின் கிணற்று மோட்டார் ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளி வெள்ளியாகக் கொட்டியது. வாய்க்கால் நிறைந்து, ரோடு நிறைந்து, ஊரே முழங்கால் தண்ணீரில் நின்றது. யார் கையிலும் கம்பில்லை, கல்லில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து முகம் கழுவினார். நிமிர்ந்தபோது அவர் தலையில் காயமே இல்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

கதவு படபடவென்று அதிர்ந்தது. தண்ணீரெல்லாம் வற்றிவிட்டது.

“கதவைத் திறங்க! இந்தத் தெருவுக்குள்ளதான் ஓடியாந்தான்!”

மீரா பீவி தறியின் மேல் ஒரு போர்வையை இழுத்துவிட்டாள். குழிக்குள் இருட்டாயிற்று.

“இங்கன யாரும் வரல. பொம்பளை தனியா இருக்கேன்.”

“திறக்கப் போறியளா, உடைக்கவா?”

அவன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இழுத்துப் போட்டு அடித்தால் எத்தனை அடி தாங்கும் இந்த உடம்பு? அய்யாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

அப்போது வெளியே கூச்சல் அடங்கி, களைத்துப்போன ஒரு குரல் மட்டும் கேட்டது.

“மீரா... நாந்தான்.”

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். “யா அல்லாஹ்!” என்று அவள் அலறினாள். இரண்டு பேர் தோளில் தொங்கியபடி நின்றான் அவள் கணவன் மைதீன் பாட்சா. வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. பின்னால் பச்சைத் துண்டு கட்டிய விவசாயிகள், கையில் கம்போடு.

“என் மண்டையைப் பொளந்த போலீஸ்காரன் இங்கன வந்தானாட்டி?”

மீரா பீவி அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வரலியே” என்றாள். “முதல்ல ஆஸ்பத்திரிக்கு நடங்க, நானும் வாரேன்.”

அவள் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போன பிறகு, தறிக்குழிக்குள் கான்ஸ்டபிள் சங்கரபாண்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.