ஜிம்மியின் கம்பளி

“கம்பளியைக் கொதிக்கிற தண்ணியில போட்டு அலசச் சொன்னேனே, செஞ்சீங்களா?” மாட்டாஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

மேசைமேல் நின்ற ஜிம்மி வறட்டு வறட்டென்று வயிற்றைச் சொறிந்தது. சீமைக்குத் திரும்பிய மிஷன் துரை விட்டுப்போன குட்டை டெரியர் நாய். காதோரம் மயிர் கொட்டிப்போயிருந்தது.

“துவைக்கல டாக்டர். துவைச்சா வாசம் போயிரும்,” என்றாள் ரஞ்சிதம்.

“ரெண்டே நாள்ல நாய் பழகிக்கும்மா. கந்தக மருந்தை எம்புட்டுத் தடவினாலும், திரும்ப அதுலயே போய்ப் படுத்தா சொறி எப்படிப் போகும்?” டாக்டர் அவள் கணவர் பக்கம் திரும்பினார். “வாத்தியாரய்யா, நீங்களாவது சொல்லக்கூடாதா? மதுரை வெயிலுக்குக் கம்பளி எதுக்கு? எரிச்சுப்போட்டு ஒரு சாக்கை விரிங்க.”

அருளானந்தம் வாத்தியார் மேசைமேல் உதிர்ந்த மயிரைத் தட்டிவிட்டார்.

ஜிம்மியைத் தூக்க ரஞ்சிதம் கை நீட்டியபோது முந்தானை விலகியது. முழங்கைவரை சிவந்த தடிப்பு, நகக் கீறல்.

டாக்டர் திகைத்தார். “அந்தக் கம்பளியில நாய் மட்டுந்தானே படுக்குது?”

“ஜிம்மி சாக்குலயும் படுத்துக்கும் டாக்டர்,” என்றார் வாத்தியார். “பர்மா சண்டைக்குப் போன எங்க மகன் சவரி திரும்பல. அவன் போத்தின கம்பளியை மட்டும் பட்டாளத்துல இருந்து அனுப்பி வச்சாங்க. அதை இழுத்துப் போத்தினாத்தான் இவளுக்குத் தூக்கம் வருது. ஜிம்மியும் கூட வந்து ஒண்டிக்குது.”

டாக்டர் இரண்டு மருந்து டப்பாக்களை எடுத்து வைத்தார். “சுடுதண்ணி வேண்டாம்மா. வெயில்லயாவது காயப்போடுங்க.”

ரஞ்சிதம் ஜிம்மியை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“வெயில்ல போட்டா மட்டும் அவன் வாசம் இருக்குமா டாக்டர்?”