இலை சொல்லட்டும்

"மொதல்ல இலை சொல்லட்டும் நர்ஸம்மா. அப்புறமா ஆசுபத்திரியப் பத்திப் பேசுவம்" என்றான் வீரணன்.

அவன் மனைவி தங்கச்செல்வி களத்தோரம் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மிளகாய்ப் பழம் பறிக்கும்போது பாம்பு கொத்திவிட்டது. படமெடுத்த நல்ல பாம்பு, அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். கெண்டைக்காலில் யாரோ கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இலை சொல்ல என்னண்ணே இருக்கு? அருப்புக்கோட்டையில விஷமுறிவு ஊசி இருக்கு. அந்தா, மொளகா லோடு ஏத்துன டெம்போ டவுனுக்குத்தான் போகுது. தூக்கி ஏத்துங்க!" என்றாள் மரியசெல்வி.

பரளச்சி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சைக்கிளில் வந்துபோகும் நர்ஸ் அவள். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று போன மாதம்தான் இதே ஊரில் வீடு வீடாகப் போய்ப் படம் காட்டிச் சொன்னாள். எல்லாரும் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இன்று பாம்பு கடித்ததும் நேரே வைத்தியர் இருளப்பசாமி வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டார்கள்.

"கொத்துற பாம்பெல்லாம் விஷத்த எறக்கிருமா தாயி?" இருளப்பசாமி தணிவாகத்தான் கேட்டார். "எத்தன பேரு இலை தின்னு, கசக்குதுன்னு சொல்லி, இன்னைக்கும் ஆடு மேச்சுக்கிட்டுத் திரியிறாக. கசந்தா விஷம் இல்ல. வீணா எதுக்கு அலையணும்?"

இருளப்பசாமி ஏமாற்றுக்காரர் இல்லை. யாரிடமும் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. அவரை எதிர்த்துப் பேசுவதில் இருந்த பெரிய தொல்லையே அதுதான்.

"என்னைய ஆசுபத்திரிக்கே கொண்டு போங்க. பிள்ள பால்குடி மறக்கல" என்றாள் தங்கச்செல்வி.

அவள் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. அவள் நாக்கு என்ன சொல்லப்போகிறது என்பதற்காகத்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வைத்தியர் சிறியாநங்கை இலையைப் பறித்துவர வேலியோரம் போனார்.

மரியசெல்வி கடிவாயைத் துடைக்கும் சாக்கில் தங்கச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ தைரியம் சொன்னாள்.

இலை வந்தது. தங்கச்செல்வி வாங்கி மென்றாள். முகம் சுளிக்கிறதா என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வலியில் அது முன்பே சுளித்துத்தான் கிடந்தது.

"சொல்லு தாயி. கசக்குதா?"

தங்கச்செல்வி எச்சிலை விழுங்கினாள். "இல்ல... இனிக்குது."

"கேட்டீகளா? இலையே சொல்லிருச்சு! தூக்குங்க வண்டிக்கு!" மரியசெல்வி துள்ளி எழுந்தாள்.

ஒருவரும் அசையவில்லை. இருளப்பசாமி மிச்ச இலையைக் கீழே போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"சப்புன்னு இருந்தாத்தான் கொண்டு போகலாம், தாயி. இனிச்சுச்சுன்னா விஷம் மண்டைக்கு ஏறிருச்சு. இனிமே எந்த ஊசியும் கேக்காது."

மரியசெல்வி அவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லய்யா. இப்பப் போனாலும் பொழச்சுக்குவா!"

"வழியிலயே போயிரும். ஆசுபத்திரி வாசல்ல வச்சு உசுரு போனா, போலீஸ் கேசுன்னு அறுத்துத்தான் குடுப்பாக."

"அறுக்க விடமாட்டேன்!" என்று வீரணன் மண்ணில் விழுந்து கதறினான். "என் பொண்டாட்டி முழுசா வீட்டுலயே போகட்டும்!"

பெண்கள் வாய்விட்டு அழத் தொடங்கினார்கள். ஒருத்தி ஓடிப்போய்க் கைக்குழந்தையைத் தூக்கிவந்து தங்கச்செல்வியின் மடியில் போட்டாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். தங்கச்செல்வி குழந்தையைப் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் மரியசெல்வியைப் பார்த்தாள்.

டெம்போ டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான்.

மரியசெல்வியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நாந்தான் இனிக்குதுன்னு சொல்லச் சொன்னேன்!" என்று கத்தினாள். "கசக்கலைன்னு சொன்னாத்தான் நீங்க ஆசுபத்திரிக்குத் தூக்குவீகன்னு, காதுக்குள்ள சொல்லிக் குடுத்தேன். கர்த்தர் சத்தியமா!"

அழுகை சட்டென்று நின்றது. இருளப்பசாமி தங்கச்செல்வியின் முன்னால் குந்தினார். "உள்ளதச் சொல்லு தாயி. இலை எப்பிடி இருந்துச்சு?"

"கசப்புத்தான் சாமி. குடலப் பெரட்டுற கசப்பு."

அந்த இடமே ஒரு நொடியில் மலர்ந்துவிட்டது. வீரணன் கண்ணீரோடு சிரித்தான். ஒருத்தி குலசாமி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மிளகாய் டெம்போ புழுதியைக் கிளப்பிக்கொண்டு டவுன் ரோட்டில் போய் மறைந்தது.

"ஏன் நிக்கிறீக? விஷம் இருக்குண்ணே! வண்டியக் கூப்புடுங்க!" மரியசெல்வி வீரணனின் கையைப் பிடித்து இழுத்தாள். "இலைக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே!"

"போதும் நர்ஸம்மா. எம்புட்டுப் பெரிய பொய்யி! இனிமே நீங்க எதச் சொன்னாலும் நாங்க நம்பணுமாக்கும்?" வீரணன் கையை உதறிவிட்டு, மனைவியின் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்தான்.

தங்கச்செல்வி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தாள். "கண்ணத் தொறக்க முடியலங்க. தூக்கமா வருது" என்றாள் குழறலாக.

"பாவம், பயந்துபோன அலுப்பு" என்று சொல்லி, வீரணன் துண்டை உதறி அவளுக்கு விசிறத் தொடங்கினான். "சத்தம் போடாம எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, அவ நல்லாத் தூங்கட்டும்."