சிப்பிக்குப் பொருத்தமான ஒயின்

கத்தியின் நுனி பட்டதும் சிப்பி வாயை இன்னும் இறுக மூடிக்கொண்டது. ஐஸ் தட்டில் உயிரோடு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

“ஏம்மா, என்னிடம் என்ன பயம்?” என்றது பக்கத்திலிருந்த பிரெஞ்சு வெள்ளை ஒயின். “எலுமிச்சைப் புளிப்பு, நனைந்த கல்லின் வாசம், கடைசியில் கொஞ்சம் கடல் உப்பு. அவ்வளவுதான் நான். ஆட்டுக்கறிக்கு ஒத்துவர மாட்டேன். உனக்கென்றே பிறந்தவன்.”

“எல்லாரிடமும் இதைத்தானே சொல்லியிருப்பாய்?” என்றது சிப்பி.

“அவர்களையே கேளேன்.”

தட்டைச் சுற்றிக் கிடந்த வெற்று ஓடுகள் ஒரே குரலில், “நல்ல பொருத்தம்” என்றன.

கரைக்கு வந்தபின் கடல் வாசம் சிப்பிக்குக் கிடைத்ததே இல்லை. ஒரே ஒருமுறை முகர்ந்துவிட்டு மூடிக்கொள்ளலாம் என்று மயிரிழையளவு வாயைத் திறந்தது.

கத்தி பக்கத்துத் துணியில் தன்னைத் துடைத்துக்கொண்டது.