சாட்டைக்காரி

“இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சாட்டையை எங்க வீசணும்னுகூடத் தெரியல!” மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து உறுமினார் தோக்தோசுன் கிழவர். “முதுகுல நாலு வை, யாரு வேண்டாம்னா? கண்ணோரத்துலயா அடிக்கிறது?”

“நான்தான்பா திரும்பிப் பார்த்துட்டேன்” என்றான் மகன் எர்மெக்.

வசந்தத் திருவிழாவில், குதிரையில் பறக்கும் பெண்ணைத் துரத்திப் பிடித்தால் முத்தம். கோட்டை விட்டால் அவள் திருப்பித் துரத்திச் சாட்டையால் விளாசுவாள். எர்மெக் கோட்டை விட்டான். அடியில் கண்ணீர்க்குழாய் அறுந்தது. நாரின் நகரத்துப் பெண் டாக்டர் அன்றே உள்ளே மெல்லிய சிலிக்கோன் குழாய் வைத்துத் தைத்தாள். இன்று அதை எடுக்கிறார்கள். கண்ணீர் தொண்டைப் பக்கம் வடியும் வழி திறந்திருந்தால் எர்மெக் மறுபடி பந்தயக் குதிரை ஏறலாம். இல்லையென்றால் காலமெல்லாம் கண் வழியும். எதிர்க்காற்றில் பாதையே தெரியாது.

“அவ யாருன்னு சொல்லுடா.”

“முதல்ல கண்ணைப் பாப்போம்பா.”

“இந்த டாக்டரையும் நம்ப முடியல. தினமும் போன் போட்டு விசாரிக்கிறா. எந்த டாக்டர் அப்படிப் பண்றாங்க? ஏதோ இருக்கு.”

உள்ளே கூப்பிட்டார்கள். முகக்கவசத்துக்கு மேலே டாக்டர் சைக்காலின் கண்கள் மட்டும் தெரிந்தன.

“பெரியவரே, அப்படி ஓரமா நில்லுங்க.”

குழாயை உருவினாள். கண்ணோரத் துளையில் உப்புநீரை மெல்லச் செலுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“தொண்டையில ஏதாவது தெரியுதா?”

எர்மெக் எச்சிலை விழுங்கிப் பார்த்தான்.

“சொல்லேன்!”

“கரிக்குது... உப்புக் கரிக்குது!”

“வழி திறந்துடுச்சு!” டாக்டர் துள்ளிக் குதித்து நர்ஸைக் கட்டிக்கொண்டாள். கிழவர் வீசியெறிந்த கம்பளித் தொப்பி கூரையில் இடித்து விழுந்தது.

“சரி, கண்ணு பிழைச்சாச்சு. இப்பச் சொல்லுடா, அந்தச் சாட்டைக்காரி வீடு எது? வாசல்ல நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்.”

எர்மெக் டாக்டரைப் பார்த்தான். அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். முகம் காது வரை சிவந்திருந்தது.

“அலைய வேண்டாம், மாமா. அடிச்சதும் நான்தான், தைச்சதும் நான்தான்.”

கிழவர் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டார்.

“மாமாவாம்! முதல்ல அந்தச் சாட்டையை என்கிட்ட ஒப்படைக்கச் சொல்லுடா, அப்புறம் பாக்கலாம்” என்று மகனிடம் முணுமுணுத்தபடியே வெளியே நடந்தார்.