எந்தப் பக்கம்?

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

சின்னத் துறைமுகம் அது. மணலில் கடற்பசுக் கன்று ஒன்று செத்துக் கிடந்தது. முதுகில் வரிசையாக வெட்டுகள். ஏதோ ஒரு படகின் அடியில் சுழலும் என்ஜின் காத்தாடி கிழித்தவை.

சுற்றுலாப் படகிலிருந்து இறங்கியவர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர் கன்றின் துடுப்பைப் பிடித்துக் கை குலுக்கினார். சிரிப்பு.

அந்தப் படகில் வருபவர்களுக்கு விலங்குகளைப் பற்றி விளக்கிச் சொல்வது அவள் வேலை. சொன்னாள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், கன்றைத் தேடும், லேசில் இந்த இடத்தை விட்டுப் போகாது என்று.

அதைக் கேட்டாவது சிரிப்பு நிற்கும் என்று நினைத்தாள்.

"சூப்பர். அப்ப அம்மாவைக் காட்டுங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லோரும் மறுபடி படகில் ஏறுவதற்குள் படகோட்டி நம்புராஜன் என்ஜினைக் கிளப்பியிருந்தார்.

பின்னால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருக்கும் நீர் சரியாகத் தெரியாது. படகின் முன்முனையில் நிற்கும் அவள் கை நீட்டும் பக்கம் திருப்புவார். தினமும் அப்படித்தான்.

பச்சை நீரில் சாம்பல் நிற முதுகு எழுந்தது.

யோசிக்கும் முன்பே அவள் கை நீண்டுவிட்டது.

படகு பாய்ந்தது. கடற்பசு பாதி மூச்சோடு மூழ்கியது.

மறுபடி எழுந்தது. இம்முறை அவள் கையைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். படகு மறுபடி பாய்ந்தது.

மூழ்குவதும் எழுவதும் நெருங்கி நெருங்கி வந்தன. களைத்துவிட்டது. ஆனாலும் ஆழத்துக்கு ஓடவில்லை. அந்தக் கரையையே சுற்றியது.

"அண்ணே, போதும். விட்டுருவோம்."

"என்னா தங்கச்சி, நீதானே காட்டுன? கன்னே போயிருச்சு. இனி அதுக்கு என்ன போகப்போகுது? வந்தவங்க நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்."

வீட்டில்கூட அவள் குரல் உயர்ந்ததில்லை.

நம்புராஜன் வேகத்தைக் குறைத்தார்.

"எந்தப் பக்கம்?"

இடப்பக்கம், கரையை ஒட்டி, நீருக்கு மேல் இரண்டு நாசித் துளைகள்.

அவள் வலப்பக்கம் கை நீட்டினாள்.

கொஞ்ச தூரம் போனார்கள். அலைகள் மட்டும் வந்தன.

"பொண்ணுக்குக் கண்ணு தெரியுமா?" என்றார் கண்ணாடிக்காரர். யாரோ சிரித்தார்கள்.

நம்புராஜன் என்ஜினை அணைத்தார்.

அமைதி. அந்த அமைதியில், படகுக்குப் பின்னால், ஒரு பெருமூச்சு.

"அது என்ன சத்தம்?" கண்ணாடிக்காரர் கழுத்தைத் திருப்பினார்.

"இங்க பாருங்க!"

தன் குரல்தான் அது என்று அவளுக்கே சட்டென்று புரியவில்லை.

"செத்த குட்டிக்குக் கை குடுத்துச் சிரிச்சீங்கல்ல? அதைக் கொன்னதும் இப்பிடி ஒரு படகுதான். இப்ப அம்மாவையும் கொன்னுட்டுச் சிரிங்க. நல்லாச் சிரிங்க!"

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. பிறகு, ஒவ்வொன்றாக, போன்களும்.

அவள் முனையை விட்டு இறங்கவில்லை.

அவர்கள் தோள்களுக்குப் பின்னால் நாசித் துளைகள் மறுபடி மேலே வந்தன. திறந்தன. மூடின. திறந்தன.

அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள்.