தொப்பி விழுந்ததும்

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் ரூபன் சேருக்குப் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது.

பள்ளிக்கூட ஓட்டப்போட்டியை வெடி வைத்துத் தொடங்கக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் முன்பே முடிவாகியிருந்தது. அந்தச் சத்தத்தை இந்த ஊரில் ஒருவரும் விளையாட்டுக்குக்கூடக் கேட்க விரும்பவில்லை. ஒரு விசிலை ஊதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சேர் இங்கிலிஷ் வாத்தியார், அதுவும் இந்தப் பள்ளித் தவணைதான் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த புது வாத்தியார். தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி உயரப் பிடித்தார்.

“பிள்ளையள், ‘அட் த ட்ரொப் ஒவ் எ ஹட்’ எண்டு போன கிழமை படிச்சனாங்கள். யோசிச்சுக்கொண்டு நிக்காமல், உடனே எண்டு அர்த்தம். முந்தி வெள்ளைக்காரர் ஓட்டப்போட்டியை இப்பிடித்தானாம் தொடங்கினவை. தொப்பி விழுந்த உடனே ஓடவேணும், விளங்கிச்சோ?”

கோட்டில் நின்ற பிள்ளைகள் தலையாட்டினார்கள். நடுவில் நின்ற மேனுகா மற்றவர்களைவிடப் பலமாக ஆட்டினாள்.

புதுக்குடியிருப்பிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த தகரப் பந்தலுக்குள், கதிரையின் நுனியில் இருந்தாள் அவளுடைய அம்மா ராஜினி. மகளை அவள் பார்க்கவில்லை. மகளின் காலுக்கு முன்னால் கிடந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருசம்வரை இந்த நிலத்தைச் சுற்றி மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அகற்றி, பலகைகளைக் கழற்றி, பள்ளிக்கூடத்துக்கு மைதானமாகக் கொடுத்த பிறகு நடக்கிற முதல் ஓட்டம் இது.

பக்கத்தில் இருந்த நாகேஸ்வரி அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“எல்லாம் கிளியர் பண்ணித்தானே விட்டது. நீயே இப்பிடிப் பயந்தால் மற்றவை என்ன செய்யிறது?”

ராஜினியின் பார்வை நிலத்தைவிட்டு அசையவில்லை.

கிளியர் பண்ணியவர்களும் மனிதர்கள்தானே. உச்சி வெயிலில், முகக் கண்ணாடிக்குள் வியர்வை வழிய, கையகலம் கையகலமாக மண்ணைத் துழாவியவர்கள். பிள்ளையைக் காய்ச்சலோடு வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு நாளில், கை இங்கேயும் மனம் அங்கேயுமாக, ஒரு கையகலம் தவறியிருக்காது என்று யார் சொல்வது?

மேனுகாவுக்குக் கால் நோகிறது என்று சொல்லி அவளை மறித்துவிடலாம். மற்றப் பிள்ளைகளை என்ன சொல்லி மறிப்பது?

சேரின் விரல்கள் விரிந்தன.

தொப்பி விழுந்தது.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். அத்தனை கால்களும் ஒன்றாக நிலத்தை மிதித்தன. ராஜினி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு மிதியும் அவள் நெஞ்சில்தான் விழுந்தது.

புழுதியைத் தவிர வேறொன்றும் கிளம்பவில்லை.

மேனுகா கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, என்னவோ வென்றுவிட்டவள் மாதிரி இளைக்க இளைக்கச் சிரித்தாள். ராஜினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பாடா என்று கதிரையில் நன்றாகச் சாய்ந்தாள். உடம்பே பாதியாகக் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குள் காற்று ஒரு தரம் வீசியது. சேரின் தொப்பி உருண்டு உருண்டு வடக்கு மூலைப் பனைகளை நோக்கிப் போனது.

அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வந்து நிற்க, சேர் வெறுங்கையோடு முழித்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராஜினி எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தொப்பியைப் பிடித்து, தூசு தட்டி, திரும்பவும் ஓடிவந்து கொடுத்தாள்.

சேருக்குக் கூச்சமாகிவிட்டது. “நீங்கள் ஏன் அக்கா ஓடுறியள்? பிள்ளையள் எடுத்திருப்பினம்தானே.”

ராஜினி சிரித்தாள்.

மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தலையிலிருந்து தொப்பி பறந்தாலும் பின்னால் போகாதே, நின்ற இடத்திலேயே நில் என்பது. இந்த மைதானத்தின் வடக்கு மூலையை ஒரு கோடை முழுக்க முழங்காலிட்டுத் துழாவி முடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

அங்கே அவள் ஓடியது இன்றைக்குத்தான்.